தோள்பட்டை வலி: கேள்வி-பதில்

வயது 53, எட்டு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதமாக வலது கையைப் பின்னால் கொண்டுபோய் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை பின்னவும் முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவே முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்குங்கள். முழங்கை விலகாமல் முன்னங்கைகளை வெளிப்பக்கம் திருப்புங்கள். இடது கை தாராளமாகப் போய், வலது பாதியிலேயே நிற்கிறதா? இப்போது வீட்டில் ஒருவர் வலது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பட்டும். அப்போதும் அதே இடத்தில் இறுகி நின்றால் பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர்தான். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுவதால், யார் அசைத்தாலும் கை போகாது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்தவருக்கு அப்படியில்லை: தானாகத் தூக்க வராது, பிறர் தூக்கினால் போகும். தோள் வலியில் இந்த வித்தியாசம்தான் பாதி நோயறிதல்.

மூட்டுத் தேய்மானத்திலும் இதே இறுக்கம் வரும் என்பதால் ஒரு எக்ஸ்-ரே எடுங்கள். எம்.ஆர்.ஐ. இப்போதைக்குத் தேவையில்லை.

சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். முழுதாகத் தளர ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். வலி உச்சத்தில் இருக்கும் இந்தக் கட்டத்தில் யாரும் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக இழுக்க விடாதீர்கள். வலி கூடுமே தவிர இறுக்கம் விடாது. நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் சிறு வட்டமாக ஆட்டுங்கள். பிறகு மல்லாந்து படுத்து, ஒரு குச்சியை இரு கைகளாலும் பிடித்து, முழங்கை விலாவை விட்டு விலகாமல் வலது கையை வெளிப்பக்கம் தள்ளி 5 விநாடி நிறுத்துங்கள், 10 முறை. இரண்டையும் தினம் மூன்று வேளை. செய்து முடித்து அரை மணி நேரத்துக்குள் வலி அடங்கவில்லை என்றால் அளவைக் குறையுங்கள்.

மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஆரம்பத்தில் வலி நன்றாகக் குறையும். ஆனால் சில நாள் சர்க்கரை ஏறும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அந்த நாட்களில் கூடுதலாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் அடிக்கிற வேலை, வயது 38. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் நடுவில் மட்டும் சுருக்கென்று பிடிக்கிறது, அதைத் தாண்டினால் வலி இல்லை.

60 முதல் 120 டிகிரிக்குள் வரும் இந்த வலி, பெரும்பாலும் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளில் மேலே இருக்கும் சுப்ராஸ்பினேட்டஸின் தசைநாணிலிருந்து வருகிறது. வேலையை அடியோடு நிறுத்த வேண்டாம். ஏணியில் ஒரு படி ஏறி நின்றால் கை தோள் உயரத்துக்குக் கீழேயே இருக்கும். சீலிங் வேலையைத் தொடர்ந்து செய்யாமல் பிரித்துச் செய்யுங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டை இடுக்கி, ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுங்கள்: 12 முறை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். பலன் தெரிய 12 வாரம்வரை ஆகும்; இரண்டு வாரத்தில் கைவிடுவதால்தான் பலருக்கு வலி திரும்புகிறது.

கீழே விழுந்தபின் திடீரெனக் கையைத் தூக்க முடியாமல் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். கிழிந்த நாண் நாளாக ஆக உள்ளே சுருங்கி, தசையும் மெலிந்துவிடும். பிறகு தைப்பது கடினம்.

கபடியில் இரண்டாவது முறை தோள் இறங்கிவிட்டது. கூட இருந்தவர்களே இழுத்து மாட்டிவிட்டார்கள். வயது 19. இனி ஆடலாமா?

இப்போது ஆடக் கூடாது. தோளின் கிண்ணம் ஆழமற்றது. அதன் விளிம்பிலுள்ள குருத்துத் திசுதான் மேற்கை எலும்பின் பந்து போன்ற தலையைத் தாங்குகிறது. முன்பக்கம் நழுவும்போது அது பிய்ந்துவிடும். இந்த வயதில் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ.யுடன் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய நேரம் இது.

மைதானத்தில் இழுப்பது ஆபத்து: எலும்பு முறிந்திருக்கலாம், நரம்பு சிக்கலாம். மேற்கையின் வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இனி நழுவினால் கை இருக்கும் நிலையிலேயே துண்டால் தாங்கி, மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்-ரே எடுத்தபின் மாட்டட்டும்.

அப்பாவுக்கு 61. மாடிப்படி ஏறினால் இடது தோள் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. கையை எப்படி ஆட்டினாலும் வலி இல்லை.

கையை ஆட்டினால் மாறாத வலி தோளுடையது அல்ல. இதயத்தைப் பார்க்க வேண்டும். இன்றே அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள். அது சரியாக இருந்தாலும் இதய மருத்துவரைப் பார்க்காமல் விடாதீர்கள். ஓய்விலும் வலி நீடித்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ உடனே 108.