பிங்க் கூலன்டில் பச்சையை ஊற்றிவிட்டார்கள், கார் தாங்குமா?

கேள்வி: என் காரில் பிங்க் நிறக் கூலன்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) இருந்தது. அளவு குறைந்ததால் நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் பச்சை நிறக் கூலன்டைக் கால் லிட்டர் ஊற்றிவிட்டார்கள். இரண்டும் கலந்தால் எஞ்சின் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வண்டியை ஓட்டலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: ஓட்டலாம். கால் லிட்டரால் எஞ்சின் ஒரே நாளில் கெட்டுவிடாது. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால்தான். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்துதான் வேறு. பழைய வகையில் சிலிக்கேட் போன்ற உப்புகள், சுமார் 2 ஆண்டுகள் தாங்கும். புதிய வகையில் கரிம அமிலங்கள், 5 ஆண்டுகள் வரை தாங்கும். கலந்துவிட்டால் அந்த 5 ஆண்டுக் கணக்கை மறந்துவிடுங்கள். சில கலவைகளில் சிலிக்கேட் கூழாகப் பிரிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். எனவே ஓரிரு மாதத்துக்குள் முழுவதையும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, புதிதாக நிரப்புங்கள். தொட்டியில் பழுப்புக் கசடு தெரிந்தாலோ வெப்பமுள் ஏறினாலோ உடனே செய்யுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அது வெறும் சாயம். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லாத் தயாரிப்பாளர்களையும் கட்டுப்படுத்தும் விதி இல்லை. புதிய வகையே பச்சையிலும் விற்கிறது. மூடியிலேயே வகையைப் பெரிதாக அச்சிட என்ன தடை? சர்வீஸ் பில்லிலும் 'கூலன்ட் டாப்-அப்' என்று இரண்டே சொல். எதை ஊற்றினார்கள் என்பது வண்டிக்காரருக்குத் தெரிவதே இல்லை. வகையை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று லேபிள் இல்லாத கேனிலிருந்து ஊற்றுபவரை அண்டவே விடாதீர்கள். சாயம் கலந்த தண்ணீரைக் கூலன்ட் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன வகையை, சீல் உடையாத டப்பாவில் வாங்குங்கள். அடர்கூலன்ட் (தண்ணீர் கலக்காதது) என்றால் டிஸ்டில்டு வாட்டரைப் பெரும்பாலும் சரிபாதி கலக்க வேண்டும்.

நடுவழியில் அளவு குறைந்து, சரியான கூலன்ட் கிடைக்காவிட்டால்? கண்ட கூலன்டையும் ஊற்றுவதைவிடத் தண்ணீர் மேல். டிஸ்டில்டு வாட்டர் இருந்தால் அது. இல்லையேல் பாட்டில் குடிநீர். போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு உள்ளே படியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆனால் இது வீடு போய்ச் சேரும்வரைதான். தண்ணீர் மிகுந்தால் கொதிநிலை இறங்கும், துருத் தடுப்பும் நீர்த்துப்போகும். அரை லிட்டருக்கு மேல் ஊற்றியிருந்தால் அடர்த்தியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடைக்காரர் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு: அளவு ஏன் குறைந்தது? மூடிய அமைப்பில் கூலன்ட் சும்மா குறையாது. ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எதிலோ கசிகிறது. வெளியே ஈரமே தெரியாமல் சைலன்சரில் வெண்புகை தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதி இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகியுங்கள். காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தால் கசிவு தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகு கூலன்டை மாற்றுங்கள்.