நாலு தடவை சுத்தத்துக்கு வருஷப் பணத்தை இப்போதே கட்டலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை, வேலை புனலூரில். வாரக் கடைசியில்தான் ஊருக்கு வருவேன். 71 வயதான அம்மா தனியாக இருக்கிறார், மூட்டுவலி வேறு. பழைய ஓட்டு வீடு. அம்மா பெயரில் இருக்கிறது. பின்கட்டில் ஒரு குடும்பம் மாதம் 4,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறது. சாரல் முடிந்தால் சுவரெல்லாம் பூஞ்சணம். கொல்லம் பக்கத்து நிறுவனம் ஒன்று வருஷத்துக்கு நான்கு முறை டீப் கிளீனிங், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்கிறது. முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால்தான் இந்த விலையாம். தென்காசியில் ஒரு குழு, மெஷினோடு வந்து ஒரு தடவை செய்துதர வரி உட்பட 9,500 கேட்கிறது. அம்மாவுக்குப் பாத்திரம் தேய்த்துத் தரும் அக்கா, தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஆளுக்கு நாள் கூலி 700. எதற்குப் போவது? இந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியுமா?

பதில்: முதலில் அந்த 38,000-ஐ முழுசாகப் பார்ப்போம். சுத்தம் செய்யும் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதாவது இன்னும் 6,840 ரூபாய். ஆக 44,840. இவ்வளவையும் இன்றைக்கே கொடுத்துவிட்டு, கடைசிச் சுத்தத்துக்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்கப்போகிறீர்கள். இதைச் சலுகை விலை என்று நான் பார்க்கவில்லை. வட்டி இல்லாமல், ஈடு இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் கொடுக்கும் கைமாற்று இது. இரண்டு தடவை வந்துவிட்டு மூன்றாவது தடவை போனை எடுக்காமல் போனால், ஆரியங்காவு தாண்டிப் போய் நீங்கள்தான் அலைய வேண்டும். வேண்டாம். எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும், செய்த வேலைக்குப் பணம் என்பதைத் தாண்டாதீர்கள். வண்டிச் செலவு, சுத்தம் செய்யும் மருந்துச் செலவு என்று முன்பணம் கேட்பது நியாயம்தான். அது ஒரு தடவைக் கூலியில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. மீதி, வேலை முடிந்து நீங்கள் கண்ணால் பார்த்த பிறகு.

ஜிஎஸ்டி பற்றி எல்லை ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்கும். கேரளத்தில் பதிவு செய்தது என்றால் 32 என்று தொடங்கும், தமிழ்நாடு என்றால் 33. அங்கே பதிவு செய்தவர் உங்கள் செங்கோட்டை வீட்டில் வேலை செய்தால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக 18 சதவீதம் போடுவார். இங்குள்ளவர் 9, 9 என்று இரண்டாகப் பிரித்துப் போடுவார். மொத்தம் ஒன்றுதான், அதில் நஷ்டமில்லை. ஆனால் பதிவு எண்ணே இல்லாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள சேவைக்காரர் பொதுவாகப் பதிவே செய்யத் தேவையில்லை. அதனால் எண்ணை வாங்கி ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இப்போது அந்த 38,000 ரூபாய்த் திட்டத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம்: செப்டிக் டேங்க். நான்கு முறை தரை துடைக்க வருகிற அதே பையன்களா அதையும் செய்யப்போகிறார்கள்? கேட்டுவிடுங்கள். கழிவுத் தொட்டியில் ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடியாக அமர்த்தினாலும் சரி, இன்னொருவர் மூலமாக அமர்த்தினாலும் சரி. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "கான்ட்ராக்ட்காரர் பார்த்துக்கொண்டார், எனக்குத் தெரியாது" என்று கைகழுவ முடியாது. கழிவுநீர்ப் பணியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. பணத்தை விடுங்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அப்படியே விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். உங்கள் வீட்டுக் கொல்லையில் அப்படி ஒன்று நடக்கவே கூடாது. நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் உரிமம் உள்ள உறிஞ்சு லாரி யார் யார் என்று சொல்வார்கள். அதை வருஷா வருஷம் செய்யவும் வேண்டாம். சாதாரணமாக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

சரி, எப்படிச் செய்யலாம்? தென்காசிக் குழுவை வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுங்கள். உயரமான உத்திரத்து ஒட்டடை, குளியலறைச் சுவரில் ஏறிய உப்புக்கறை, அங்கணத்துப் பாசி, இதற்கெல்லாம் மெஷினும் ஏணியும் பழகிய கையும் வேண்டும். மற்ற மூன்று தடவை அந்த அக்காவும் நாத்தனாரும் போதும். இரண்டு பேர், இரண்டு நாள், 2,800. சாமான் செலவு 600 வைத்தால் 3,400. மூன்று தடவைக்கு 10,200. அதோடு 9,500 சேர்த்தால் 19,700. வங்கியில் மாதம் 1,700 ரூபாய் ஆர்.டி. போட்டால் வருஷத்தில் இது தயார்.

44,840-இல் 25,140 மிச்சம். இதைச் சேமிப்பு என்று நான் எழுதமாட்டேன். 71 வயதில் மூட்டுவலியோடு இருப்பவருக்கு வருஷத்துக்கு நான்கு நாள் வீடு பளபளப்பது முக்கியமில்லை. தினமும் பட்டாசலையும் அடுக்களையையும் பெருக்கித் துடைக்க ஒரு ஆள் வேண்டும், ஈரத்தில் கால் வழுக்காமல் இருக்க வேண்டும். அந்த அக்காவிடம் பேசி, அதற்கென்று மாதம் 1,500 கூட்டிக் கொடுங்கள். வருஷத்துக்கு 18,000. இன்னும் 7,140 இருக்கும். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

குழு வருவதற்கு முன் எதை எதைக் கொண்டு சுத்தம் செய்வார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இதை அடிபட்டுத்தான் கற்றேன். நான்கு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்கு ஒரு குழு வந்தது. திண்ணை, காவி போட்ட சிமெண்ட் தரை. என் தாத்தா காலத்தில் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்கு வந்தது. நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால், பாட்டிலில் இருந்த ஆசிட்டை அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். நுரை பொங்கியது. கழுவிவிட்டுப் பார்த்தால் ஊற்றிய வடிவத்திலேயே, விரல் விரலாக, வெளிறிப்போன தடம். இன்றைக்கும் இருக்கிறது. கொடுத்த முன்பணம் 1,000 ரூபாய் திரும்பி வர மூன்று மாதம் ஆனது, தரை திரும்பி வரவே இல்லை. சிமெண்ட், காவி, மார்பிள், மூன்றையும் ஆசிட் அரிக்கும். இன்னொன்று, ஆசிட் போட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அம்மா இருக்கிற வீடு. கவனமாக இருங்கள்.

நகை, பத்திரம், பாஸ்புக் எல்லாவற்றையும் முதல் நாளே லாக்கருக்கோ உறவினர் வீட்டுக்கோ மாற்றிவிடுங்கள். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. காப்பீடு கைகொடுக்காது என்பதால் சொல்கிறேன். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில், தீ, வெள்ளம் போன்ற விபத்தைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான் சேரும். தனியாகத் திருட்டுக் காப்பீடு எடுத்தாலும், பூட்டை உடைத்து வந்த அடையாளத்தைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். நாமே கதவைத் திறந்து உள்ளே விட்டவர் எடுத்தார் என்றால் அது நிற்பது கடினம்.

நம் பொருளுக்கு இவ்வளவு யோசிக்கிறோம், ஏணியில் ஏறுகிறவருக்கும் யோசிப்போம். பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீடு வருஷத்துக்கு 20 ரூபாய்தான், 18 முதல் 70 வயது வரை எடுக்கலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். வங்கிக் கணக்கு இருந்தால் போதும். அந்த அக்காவையும் நாத்தனாரையும் ஒரு சனிக்கிழமை காலை நீங்களே வங்கிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுங்கள். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷம். மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியமும் இருக்கிறது, அதில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

வருமான வரி: கழிக்க முடியாது. வாடகை வருமானத்தில், கட்டிய வீட்டுவரி போக மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தானாகவே கழியும். செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அவ்வளவுதான், கிளீனிங் பில்லைத் தனியாகக் காட்ட வழியில்லை. வீடு அம்மா பெயரில் இருப்பதால் வாடகையும் அவர் கணக்குதான். அது மட்டுமே வருமானம் என்றால் வரியே வராது.

ஒருவேளை ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு அவர்கள் வராமல் போனால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு முதலில் பேசுங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் கொடுக்கலாம், மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது உங்கள் வசதி. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. பணம் திருப்பித் தருகிறோம், யுபிஐ பின்னைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை.

மிச்சமான 7,140-க்கு வருகிறேன். பூஞ்சணம் அழுக்கில்லை, ஈரம். சுவரைத் தேய்த்துவிட்டு ஒழுகும் ஓட்டை அப்படியே விட்டால், அடுத்த சாரலில் அதே இடத்தில் அதே வட்டம் திரும்பி வரும். ஆவணியில் சாரல் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கும் முன் ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிட்டு, உடைந்த ஓட்டையும் அடைத்துக்கொண்ட, மழைத்தண்ணீர் வடியும் தகரக் காலையும் சரி பண்ணுங்கள். நாலு நாள் வெயிலில் சுவர் காயட்டும். தென்காசிக் குழுவுக்கு அதற்குப் பிறகு தேதி கொடுங்கள்.