அக்குபஞ்சர் ஊசி வலியைக் குறைப்பது எப்படி? கேள்வி பதில்

சார், ஊசி குத்தினால் வலிக்கத்தானே செய்யும். வலி எப்படிக் குறையும்?

குத்திய இடத்தில் திசு லேசாகக் காயப்படுகிறது. அங்குள்ள செல்கள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை வெளியே விடுகின்றன. அது உடைந்து அடினோசின் ஆகிறது. பக்கத்து வலி நரம்பில் ஏ1 ஏற்பி என்று, செய்தியை வாங்கிக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. அதில் அடினோசின் போய் ஒட்டிக்கொண்டால் நரம்பு அடங்கும். மூளைக்குப் போகும் வலிச் செய்தியும் குறையும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா?

சுண்டெலிகளில் அழகான ஆதாரம் இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்ட் குழு செய்த ஆய்வு அது. முழங்காலுக்குக் கீழே உள்ள சூசன்லி என்ற அக்குபஞ்சர் புள்ளியில் ஊசி வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை திருகி, அரை மணி நேரம் விட்டார்கள். அங்கே அடினோசின் சுமார் 24 மடங்கு ஏறியது. ஏ1 ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளுக்கோ பலனே இல்லை. அடினோசின் சீக்கிரம் அழியாமல் தடுக்கும் ஒரு புற்றுநோய் மருந்தைக் கொடுத்தபோது வலி நிவாரணம் கூடுதல் நேரம் நீடித்தது. கூட்டினால் கூடுகிறது, எடுத்தால் போய்விடுகிறது. இதனால்தான் இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்னொன்று, வலி இல்லாத மறுகாலில் குத்தியபோது பலன் கிடைக்கவில்லை. அதாவது, இந்த வேலை குத்திய இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஊசியை ஏன் திருகுகிறார்கள்?

திருகும்போது தோலடி இணைப்புத் திசுவின் இழைகள், தக்ளியில் நூல் போல, ஊசியில் சுற்றிக்கொள்கின்றன. ஊசி கவ்விப் பிடிபடுவது சிகிச்சை செய்பவரின் விரலுக்கே தெரியும். அந்த இழுப்பில் அங்கே இழைகளை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் விரிகின்றன. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாங்கவின் இதை விரிவாக ஆராய்ந்தார்.

போகும் முன் காபி குடிக்கலாமா?

கஃபீன் அடினோசின் ஏற்பிகளை அடைத்துவிடும். கஃபீன் கொடுத்த எலிகளில் ஊசியின் பலன் குறைந்தது. அன்றைக்கு ஒரு டம்ளரைத் தள்ளிப்போடுங்கள், நஷ்டமில்லை.

அப்படியானால் அக்குபஞ்சரில் சொல்லும் புள்ளி, உடலில் சக்தி ஓடும் பாதை என்கிற நாடி எல்லாம் உண்மைதானா, அக்கா கேட்கச் சொன்னார்?

அந்த முடிவுக்குப் போகாதீர்கள். 2007இல் ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், முறைப்படி குத்தியவர்களில் 47.6% பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2%. வழக்கமான சிகிச்சையில் 27.4% மட்டுமே. ஊசி உதவுகிறது, எந்தப் புள்ளி என்பது அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. அக்காவிடம் சொல்லுங்கள்: மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புதுசா என்று உறையைப் பிரிக்கும்போதே பார்க்கட்டும்.