நிலையான மகிழ்ச்சிக்குப் பௌத்தம் காட்டும் வழி என்ன?

"சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கிறேன். புது மோட்டார் வாங்கிய மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பௌத்தத்தில் இதற்கு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. அதற்காக மோட்டாரை விற்றுவிட்டுத் துறவியாக வேண்டியதில்லை. இல்லறத்தாருக்கு நான்கு இன்பங்கள் உண்டு என்று அனாதபிண்டிகர் என்ற வணிகரிடம் புத்தர் சொன்னார்: நேர்மையாகப் பொருள் ஈட்டுவது, அதை அனுபவித்து அறமும் செய்வது, கடனின்றி இருப்பது, செயலிலும் சொல்லிலும் நினைப்பிலும் பழியின்றி வாழ்வது. முதல் மூன்றும் நான்காவதில் 16இல் ஒரு பங்குகூடப் பெறாது என்கிறது அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூல். (மூன்றாவதன் அருமை மாதத் தவணைக்கு வெள்ளி எடுத்து வைக்கும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.)

மோட்டார் ஏன் சலித்தது? இனிய உணர்வு எழுந்ததும் 'இன்னும் வேண்டும்' என்ற வேட்கை அதைப் பற்றிக்கொள்கிறது. உணர்வோ மாறிக்கொண்டே இருப்பது. முதல் மழையில் மட்கார்டில் செம்மண் தெறித்ததுமே, பக்கத்து வீட்டுக்காரரின் புதிய வண்டி கண்ணை உறுத்துகிறது. அந்த வேட்கை தலைதூக்கும்போதே கண்டுகொள்ளத்தான் மூச்சைக் கவனிக்கும் தியானம். ஆனால், என்னைக் கேட்டால், ஒழுக்கத்திலிருந்து தொடங்குங்கள். குலைக் கணக்கில் பொய் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தால் பத்து மூச்சைக்கூட நிம்மதியாகக் கவனிக்க முடியாது.