சென்றானும் போனானும்

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. போன வருடம் எங்கள் அசோசியேஷனில் வீடுவீடாகக் கேட்டு 600 புத்தகங்கள் சேர்த்தோம். எங்கள் பிள்ளைகள் படித்து முடித்தவை, கிழிசல் இல்லாதவை. பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு பெண்ணிடம் கொடுத்து, வைக்க ஒரு பீரோவும் வாங்கித் தந்தோம். மூன்று மாதம் கழித்துப் போனால் பீரோ பூட்டிக் கிடக்கிறது. உள்ளே நாங்கள் அடுக்கியது அடுக்கியபடி. "புள்ளைங்க எடுக்கிறதில்ல சார்" என்கிறார். கொலம்பியாவில் ஒருவர் கழுதை மேல் புத்தகம் ஏற்றிப் போகிறார், கென்யாவில் ஒட்டகத்தில் நூலகம் போகிறது. வீடியோவில் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். இங்கே வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தும் ஏன் இப்படி? நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையா?

ர., சோழிங்கநல்லூர்

அன்புள்ள ர.,

அந்த 600-ல் தமிழ்ப் புத்தகம் எத்தனை? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டாது என்பது என் ஊகம். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இப்படி மூட்டை கட்டிக்கொண்டு போனவன்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு, கடற்கரையோரக் குப்பம் ஒன்றில் ஞாயிறு காலைகளில் போய் உட்காருவேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "அவன் வீட்டிற்குச் சென்றான்" என்ற வரியில் விரலை வைத்தாள். 'வீட்டி' வரை வந்துவிட்டாள். 'ற்குச்' என்ற இடத்தில் மூச்சு வாங்கினாள். அடுத்து 'செ'. கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. கொம்பைப் பார்த்தாள், ச-வைப் பார்த்தாள், மறுபடி கொம்புக்குத் திரும்பினாள். ஒருவழியாக முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "சென்றான்னா இன்னா சார்?"

"போனான்."

"அப்போ போனான்னே எழுதுனா இன்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் சரியான பதில் இருப்பதாகத் தோன்றவில்லை.

நமக்கு மறந்துபோன பாடு அது. வீட்டில் 'வூட்டுக்கு' என்று பேசுகிற பிள்ளைக்கு 'வீட்டிற்கு' என்பது பாதி வேற்றுமொழி. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மடியில் உட்காரவைத்து யாரோ கதை வாசித்திருப்பார்கள், அந்தத் தமிழ் காதில் விழுந்திருக்கும். இவளுக்கு அது முதன்முதலாக வகுப்பறையில்தான் கேட்கிறது. இதற்கு மேல் எழுத்து வேறு. 247 என்று மிரட்ட வேண்டாம், பெரும்பாலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஆனால் உகரத்தைப் பாருங்கள்: கு, சு, டு, மு, நு. ஒரே சத்தம், எழுத்துக்கு எழுத்து வேறு வளைவு. இதெல்லாம் கைக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்கு நடுவில் வகுப்பு மாறிக்கொண்டே இருக்கும், பாடம் யாருக்காகவும் நிற்காது. பெரும்பாக்கத்தில் இன்னொன்றும் சேர்கிறது. நகரத்தின் நடுவில் கூவக்கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. பலருக்கு வேலை இன்னும் பழைய இடத்தில்தான். பஸ் பிடித்து வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். பிள்ளையின் நோட்டை யார் பார்ப்பது?

ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பத்து வயதில் ஓர் எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள், ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில், பத்துக்கு ஏழு பேர் என்று 2022-ல் உலக வங்கி கணக்கிட்டது. கொரோனாவுக்கு முன்பு 57 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போகிறவர்கள்தான். பையைத் தூக்கிக்கொண்டு போய், உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்கள்.

கழுதைக்காரர் பெயர் லூயிஸ் சொரியானோ. கழுதைகளுக்கு ஆல்ஃபா, பெட்டோ என்று பெயர் வைத்திருக்கிறார், சேர்த்துச் சொன்னால் ஸ்பானிய மொழியில் 'அரிச்சுவடி'. வீடியோவில் கழுதைதான் கண்ணில் படும். அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள். புத்தகத்தை இறக்கிவிட்டு வண்டி ஏறிவிடுவதில்லை, பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறார். (கழுதைக்கும் ஒட்டகத்துக்கும் வியக்கிற நாம், 1931-ல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் போனதை மறந்துவிட்டோம். அதற்குத் தூண்டுதலாக இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்' என்று அதே வருடம் நூலகங்களுக்கு விதி எழுதியவரும் அவர்தான். உங்கள் பீரோவுக்கு அந்த ஒரு விதி போதும்.)

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, ஒரு சின்னக் கதை. எதில் நிற்கிறது என்று பாருங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-லிருந்து கிராமம் கிராமமாகப் போய் இப்படித்தான் பார்க்கிறது, ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும். அப்புறம் எந்த வகுப்பு என்பதை விட்டுவிட்டு, நிற்கிற படியை வைத்துச் சேர்த்து உட்காரவையுங்கள். அஞ்சாம் வகுப்புப் பையன் ரெண்டாம் வகுப்புப் பெண்ணோடு உட்கார்ந்தால் முதல் வாரம் வெட்கப்படுவான், அவ்வளவுதான். 2019-ல் பொருளாதார நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பல வருடம் சோதித்துப் பார்த்த முறைகளில் இது ஒன்று. நம் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதும் இதே யோசனைதான்.

புத்தகம்? பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம், அதுவும் தமிழில். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படிவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது, பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் போட்டால் போதும். கசங்கினால் இன்னொன்று எடுக்கலாம். பீரோவைப் பூட்டியதற்கு அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். புத்தகம் தொலைந்தால் நீங்கள் வந்து கேட்பீர்கள் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும்.

உங்கள் அசோசியேஷனில் இனிப் புத்தகம் கேட்காதீர்கள், ஆள் கேளுங்கள். வாரத்துக்கு மூன்று சாயங்காலம், ஒரு மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க. ஆங்கிலம் படித்தவர்தான் வேண்டும் என்றில்லை. ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள் உங்கள் பிளாக்கிலேயே இருப்பார்கள். அதே வாரியக் குடியிருப்பில் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள் அவர்களை விட நல்லது, பிள்ளைகளின் பேச்சு அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். 'சேவை' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

ஆங்கிலப் புத்தகங்களை இப்போதைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மேல் தட்டில் இருக்கட்டும். கீழ்த் தட்டைக் காலி செய்யுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டுவது அதுதான். அடுத்த முறை போகும்போது பீரோ சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.