நாலாவது முட்டை எங்கே?

கேள்வி: எனக்கு 39 வயது. இரண்டு மாதத்தில் 83 கிலோவிலிருந்து 72க்கு வந்துவிட்டேன். காலையில் இரண்டு டீ மட்டும். மதியம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அரை கப் சாதம், ரசம். ராத்திரி இரண்டு சப்பாத்தி. வீட்டுச் சமையலில் குறை வைப்பதில்லை. தினமும் மூன்று முட்டை அவித்து அவருக்கும் பையன்கள் இருவருக்கும் கொடுத்துவிடுவேன். ஆனால் மூன்று மணிக்கு மேல் கண் இருட்டுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இன்னும் எட்டு கிலோ குறைய வேண்டும். தெம்புக்கு எந்தச் சத்துமாவு வாங்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: 11 கிலோ குறைத்ததற்கு நான் சபாஷ் போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். போடமாட்டேன். இரண்டு மாதத்தில் 11 கிலோ என்பது பட்டினியின் கணக்கு.

சத்துமாவை அப்புறம் பார்ப்போம். வீட்டில் நாலு பேர். அவிப்பது மூன்று முட்டை. அதைப் போகிற போக்கில், பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். நாலாவது முட்டை எங்கே அம்மணி? டயட்டுக்காக விட்டுவிட்டேன் என்று சொல்லாதீர்கள். 83 கிலோ இருந்தபோதும் மூன்றுதான் அவித்திருப்பீர்கள். ஒரு முட்டை டீக்கடை டீயைவிட மலிவு. காசு இல்லாமல் நின்ற முட்டை இல்லை இது. உங்கள் பேருக்கு ஒன்று எடுத்து வைக்க உங்களுக்கே தோன்றவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ரகம்தான். முட்டைக்குப் பதில் பால் இருக்கும், மீன் துண்டு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன், 20 கிராம் தேறவில்லை. இப்படிக் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். மாடியேற வேண்டியது அந்தத் தசைதான். உட்கார்ந்திருக்கும்போதும் கொஞ்சம் கலோரியைச் செலவழிப்பது அதுதான். அது போய்விட்டால், பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் எடை திரும்ப ஏறும். இம்முறை பெரும்பாலும் கொழுப்பாக.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். காலை டிபனை விடாதீர்கள். இரண்டு இட்லி, பருப்பு கெட்டியாக விழுந்த சாம்பார், ஒரு முட்டை. மதியம் சாதம் இருக்கட்டும். ரசத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் பருப்போ பயறோ வேண்டும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதைப் பிடித்துக்கொண்டு கொள்ளு வேகவைத்த தண்ணீரை மட்டும் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். தண்ணீரில் என்ன இருக்கிறது? உங்கள் பக்கத்தில் கொள்ளுப்பருப்பு கடைவார்களே, அந்தப் பருப்பைச் சாப்பிடுங்கள். நாலு மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல். எல்லோருக்கும் பரிமாறி முடித்து மூன்று மணிக்கு உட்காருவதை நிறுத்திவிட்டு, பசிக்கிற நேரத்துக்குச் சாப்பிடுங்கள். டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது தடுக்கும்.

இதெல்லாம் தெரியாத ஆள் இல்லை நீங்கள். பையனுக்கு மூச்சு வாங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்வது கடமைதான், நானும் அதை நம்புகிறவள். ஆனால் அந்த வீட்டில் உங்களையும் சேர்த்துத்தான் நாலு பேர். அம்மா தட்டில் முட்டை இல்லாததைப் பார்த்தே வளர்கிற பையன், நாளைக்குப் பெண்டாட்டி தட்டையும் எட்டிப் பார்க்கமாட்டான். நாளையிலிருந்து முட்டையை அவனே அவிக்கட்டும். எத்தனை என்று அவனே எண்ணட்டும். உங்கள் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை: ஐயா, இத்தனை நாள் நாலாவது முட்டை எங்கே என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை?

சத்துமாவு வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை. மூச்சு வாங்குவது, கண் இருட்டுவது, முடி கொட்டுவது மூன்றும் சேர்ந்தால் எனக்கு ரத்தசோகை சந்தேகம் வரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுங்கள். அது சரியாகும்வரை அந்த எட்டு கிலோவை மறந்துவிடுங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. டிபன் சாப்பிட்டுவிட்டே போங்கள்.