சொந்த மின்னஞ்சல் சேவையகம்: அஞ்சல் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

கேள்வி: வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (மெய்நிகர் சேவையகம்) ஒன்றில், அஞ்சலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்த அஞ்சலைப் படிக்கத் தரும் டவ்காட் ஆகிய இரு மென்பொருள்களையும் நிறுவி, சொந்த டொமைனில் மின்னஞ்சல் நடத்துகிறேன். வரும் அஞ்சல்கள் ஒழுங்காக வருகின்றன. நான் அனுப்புபவை ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகின்றன. அவுட்லுக் முகவரிகளிலிருந்து சில திரும்பியே வந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஜிமெயில் முகவரி ஒன்றுக்கு ஒரு சோதனை அஞ்சலை அனுப்பி, அதன் மெனுவில் உள்ள ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சேவையகங்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்ற கொள்கை) ஆகிய மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வைத்திருப்பதையும், அனுப்பும் ஐபி முகவரிக்குச் சரியான பிடிஆர் பதிவு (அந்த முகவரிக்குரிய சேவையகப் பெயரைச் சொல்வது) இருப்பதையும் கூகுள் கட்டாயமாக்கியுள்ளது. நாளுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே தேவை. பிடிஆர் பதிவை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் (பெயர்ப் பதிவுகள்) பக்கத்தில் தேடிப் பயனில்லை. ஐபி முகவரி விபிஎஸ் நிறுவனத்துடையது என்பதால் அதை அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கத்தில்தான் அமைக்க முடியும். பலர் பழைய வகை ஐபி முகவரியான ஐபிவி4க்கு இதைச் செய்துவிட்டு, புதிய வகையான ஐபிவி6ஐ மறந்துவிடுகிறார்கள். சேவையகமோ ஐபிவி6 வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கும் பதிவு அமையுங்கள், அல்லது ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்புமாறு போஸ்ட்ஃபிக்ஸை மாற்றுங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் அஞ்சல் திரும்பினால், பழி பெரும்பாலும் உங்கள் ஐபி முகவரியின் மீதே இருக்கும். முன்பு குடியிருந்தவர் வாங்கிய கடனுக்குப் புதிதாகக் குடிவந்தவரின் கதவைத் தட்டுவதைப் போல, அதே முகவரியிலிருந்தோ அதன் அண்டை முகவரிகளிலிருந்தோ எவரோ அனுப்பிய ஸ்பேமுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. திரும்பி வந்த அஞ்சலில் உள்ள பிழைச் செய்தியை முழுமையாகப் படியுங்கள். தடுத்தது எந்தத் தடைப்பட்டியல் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஸ்பேம் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியல்களில் உங்கள் முகவரி இருக்கிறதா என்பதை அவர்களுடைய தளத்தில் பார்த்து, நீக்கக் கோரலாம். மைக்ரோசாஃப்ட் தனக்கெனத் தடைப்பட்டியல் வைத்திருப்பதால் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தடை விபிஎஸ் நிறுவனத்தின் முகவரித் தொகுதி முழுவதற்குமானது என்றால் அதனுடன் போராடாதீர்கள். வேறு நிறுவனத்துக்கு மாறுவதே மேல்.

வேலை தொடர்பான அஞ்சல்கள் தவறாமல் போய்ச் சேர வேண்டுமென்றால், பெறுவதைச் சொந்தச் சேவையகத்தில் வைத்துக்கொண்டு, அனுப்புவதை மட்டும் போர்ட் 587 (அஞ்சலை ஒப்படைக்கும் இணைப்பு எண்) வழியாக ஒரு ரிலே சேவையிடம், அதாவது உங்கள் அஞ்சலை வாங்கித் தன் சேவையகத்திலிருந்து அனுப்பும் நிறுவனத்திடம், விடும்படி நான் பரிந்துரைப்பேன். அந்தச் சேவையால் நீங்கள் அனுப்பும் அஞ்சல்களைப் படிக்க முடியும் என்பது இதற்கான விலை. அதை ஏற்பதா என்பது நீங்கள் ஏன் சொந்தச் சேவையகம் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ரிலேயை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்க மறக்காதீர்கள். அந்தப் பதிவு 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போனால் செல்லாது. டிமார்க் கொள்கையைச் சில வாரங்கள் ‘நன்’ (நடவடிக்கை எதுவும் வேண்டாம்) நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளில் உங்கள் அஞ்சல்கள் தேறுவதைப் பார்த்த பிறகு ‘குவாரன்டைன்’ (தேறாதவற்றை ஸ்பேமில் போடு) நிலைக்கு உயர்த்துங்கள்.